முதலாண்டு வகுப்புக்குள் தொழில்நுட்பம்: எதை முதலில், எதைப் பிறகு

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்திலோ உயர்கல்வி நிறுவனத்திலோ முதன்முறையாக முதலாண்டு வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பில் அறுபது, எழுபது பேர். பெரும்பாலானோர் தமிழ் மூலத்தில் உயர்தரம் எழுதிவிட்டு வந்தவர்கள், பாடமோ ஆங்கிலத்தில். பாடக் குறிப்பு, ஒப்படை, வினாவிடை எல்லாவற்றையும் இணையத்தில் வைக்க நிறுவனம் ஒரு மூடில் தளம் தந்திருக்கிறது. அறையில் மல்டிமீடியா (திரையில் படம் காட்டும் புரொஜெக்டர்) இருக்கிறது. எல்லாருடைய போனிலும் வாட்ஸ்அப் இருக்கிறது.

புதிய விரிவுரையாளர் பலர் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார்கள்: மூடிலில் பத்துக் கோப்பு, வாட்ஸ்அப் குழு, போனில் வாக்கெடுப்பு, கியூஆர் மூலம் வரவு. மூன்றாம் வாரத்துக்குள் பாதி நின்றுபோகிறது, மாணவர் பேசவும் தொடங்குவதில்லை. நான் பார்த்த அளவில் சிக்கல் வரிசையில்தான். வகுப்பில் வாய் திறக்கும் பழக்கம் வந்த பிறகு வரும் கருவி அந்தப் பழக்கத்துக்குத் துணையாகிறது. அதற்கு முன்னரே வந்தால், மாணவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒரு செமஸ்டர் செய்து பாருங்கள்.

1. தொடங்குமுன் தயாராக வேண்டியவை

முதலில் மூடிலில் உங்கள் பாடநெறிக்குத் திருத்தும் அனுமதி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு சோதனை மாணவர் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் கணக்கிலிருந்தே மாணவராக மாறிப் பார்க்கும் வசதி மூடிலில் உண்டு, ஆனால் ஒப்படை சமர்ப்பிப்பது போன்ற வேலைகளை அதில் முழுமையாகச் சோதிக்க முடியாது. மாணவருக்குத் திரையில் என்ன தெரிகிறது என்று அறியாமல் அவருக்கு வழி சொல்ல முடியாது.

அறையை ஒரு நாள் முன்பே போய்ப் பாருங்கள். மல்டிமீடியாவின் வயர் உங்கள் லேப்டாப்பில் பொருந்துமா, பிளக் எத்தனை, கடைசி வரிசையிலிருந்து திரையில் எழுத்து வாசிக்க முடிகிறதா. ஒரு எக்ஸ்டென்ஷன் கோட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியில் போயா தினங்களையும் மற்ற விடுமுறைகளையும் குறித்துவையுங்கள். வெள்ளி நண்பகலில் வினாவிடையோ காலக்கெடுவோ வைக்கவேண்டாம். முஸ்லிம் மாணவர் ஜும்மாவுக்குப் போகும் நேரம் அது. நீண்ட விடுமுறையின் கடைசி இரவும் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் பிள்ளைகள் அப்போது பஸ்ஸில் இருப்பார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்த மாணவி ஒருத்தி, சிக்னலுக்காக லயனிலிருந்து மேட்டு ரோடு வரை ஏறி வந்து ஒப்படையை ஏற்றியதாகப் பிறகுதான் சொன்னாள். அந்தத் தேதியை வைத்தவன் நான். அன்றிலிருந்து காலக்கெடு எல்லாம் வார நாளில், பகல் மூன்று மணிக்கு.

2. முதல் நாள்: தாளில் ஐந்து கேள்வி

முதல் வகுப்பில் ஒரு அரைத் தாளைக் கொடுத்து ஐந்து விடயங்களைக் கேளுங்கள். போன் மட்டுமா, லேப்டாப்பும் உண்டா? வார நாளில் எங்கே தங்குகிறீர்கள்: வீடா, விடுதியா, போடிங்கா? டேட்டா மாத முடிவு வரை வருமா, அடிக்கடி ரீலோட் போட வேண்டியிருக்கிறதா? உயர்தரம் எந்த மொழி மூலம்? தமிழில் தட்டச்சு செய்தால் யூனிகோடா, பாமினி எழுத்துருவா?

இதைக் கூகுள் படிவத்தில் கேட்பது பலர் செய்யும் தவறு. இணைப்பு இல்லாதவரிடம் இணைப்பின் மூலமாக “இணைப்பு இருக்கிறதா” என்று கேட்கிறோம். ஐம்பது பேர் நிரப்புவார்கள், எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். விடுபட்ட பதினைந்து பேரைப் பற்றித்தான் நீங்கள் அறிய வேண்டியிருந்தது.

தாளைச் சேர்த்த அன்றே எண்ணிப் பாருங்கள். போன் மட்டும் வைத்திருப்பவர் பத்துப் பேர் இருந்தாலும், உங்கள் ஒப்படைகள் போனில் செய்து முடிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.

3. முதல் இரண்டு வாரம்: கருவி வேண்டாம், பேச்சு போதும்

மற்றப் படிகளெல்லாம் நிற்பது இதன் மேல்தான் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் மாணவர் உயர்தரத்துக்குப் பெரும்பாலும் டியூஷன் வகுப்பில் தயாரானவர்கள். பெரிய மண்டபம், மைக், ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் கொப்பி, கடைசியில் பாஸ் பேப்பர். அங்கே கேள்வி கேட்பது அடுத்தவருடைய நேரத்தை எடுப்பது. பதில் தெரியாமல் வாய் திறப்பது வெட்கம். அந்த இடத்துக்கு அந்த ஒழுங்கு சரி. அதைத்தான் அவர்கள் உங்கள் வகுப்புக்கும் கொண்டுவருகிறார்கள். அவர்களுடைய மௌனத்தில் மரியாதை இருக்கிறது, ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. “இந்த பேட்ச் சோம்பல்” என்று முடிவுகட்டுவதுதான் நான் அடிக்கடி கேட்கும் தவறான தீர்ப்பு.

முதலில் கைவிட வேண்டிய கேள்வி: “விளங்கிச்சா?” அதற்கு ஒரே பதில்தான் வரும், “ஓம் சேர்.” அதற்குப் பதிலாக, தவறாகச் சொல்ல வாய்ப்புள்ள ஒரு கேள்வியைக் கேளுங்கள். நான் புள்ளிவிபரவியல் எடுக்கிறேன். இடையையும் (சராசரி) இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்) விளக்கியபின் இப்படிக் கேட்பேன்: “வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் ஒன்பது வீடு. பத்தாவது வீட்டுக்குப் பெரிய பணக்காரர் ஒருவர் குடிவருகிறார். ஒழுங்கையின் வருமானத்தில் எது அதிகம் மாறும், இடையா, இடையமா?” விளங்காதவர் யார் என்று உடனே தெரியும். அவருக்கும் தெரியும்.

கேட்டபின் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். நம் மாணவர் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவர்கள், ஆகவே நான் பத்து விநாடி பொறுக்கிறேன். அறையில் யாரும் பேசாத பத்து விநாடி மிக நீளமாகத் தெரியும். முதல் வாரத்தில் மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சோடியாகப் பேசவிடுங்கள், இரண்டு நிமிடம். சோடிக்குள் எந்த மொழியும் பேசலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கிசுகிசுப்பார்கள். வகுப்புக்குச் சொல்லும்போது ஆங்கிலத்தில் தொடங்கட்டும், சொல் வராத இடத்தில் தமிழோ சிங்களமோ கலக்கட்டும். தனக்குத் தோன்றிய பதிலைச் சொல்வதற்குப் பதிலாக, “நாங்கள் இருவரும் இப்படி நினைக்கிறோம்” என்று சொல்ல முடிவதே பலருக்குப் பெரிய பலம்.

சிங்கள மாணவரும் இருக்கும் வகுப்பென்றால், இருக்கைகள் முதல் நாளே மொழிப்படி பிரிந்துவிடும். முதல் வாரம் அதைத் தொடவேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு வேலைக்கு மட்டும் சீட்டெடுத்துக் கலந்துவிடுங்கள். முதல் நாளே கலக்கிவிட்டால் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்ளும். ஏற்கெனவே பேசிப் பழகியவர்களைக் கலந்தால் ஆங்கிலம் தானாகப் பொது மொழியாகிவிடும்.

தவறான பதில் வந்தால் “இல்லை” என்று வெட்டாமல் “எப்படி வந்தீர்கள்?” என்று கேளுங்கள். சரியான பதிலுக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். தவறுக்கு மட்டும் கேட்டால் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. போனுக்கு ஒரு விதி

“போனை எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு மறுவாரம் “போனில் வாக்களியுங்கள்” என்றால் இரண்டுமே நிற்காது. மூன்று நிலை வையுங்கள்: பையில், மேசையில் கவிழ்த்து, கையில். ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் இப்போது எந்த நிலை என்று சொல்லுங்கள். பலகையின் மூலையில் எழுதியும் வைக்கலாம்.

ஏன் என்பதையும் சொல்லுங்கள். கனடா ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விரிவுரையின்போது லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவரின் திரை கண்ணில் படும் இடத்தில் இருந்தவர்கள், அப்படி இல்லாதவர்களைவிட 17 வீதம் குறைவான புள்ளி பெற்றார்கள். பக்கத்திலிருப்பவரின் படிப்பைக் கெடுக்கிறோம் என்று தெரிந்தால் மாணவர் ஒத்துழைக்கிறார்கள். தன் படிப்பு கெடும் என்று சொன்னால் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

வரவுக்குத் திரையில் கியூஆர் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். பல இடங்களில் பரீட்சைக்கு 80 வீத வரவு கட்டாயம். அந்த நெருக்கடியில் கியூஆரின் படம் சில விநாடியில் போடிங்கில் தூங்கும் நண்பனுக்குப் போய்விடும். கையெழுத்துத் தாளைச் சுற்றவிட்டு, தலையை எண்ணிச் சரிபாருங்கள். நான்கு நிமிடம் போகும், பரவாயில்லை.

5. மூன்றாம் வாரம்: அட்டை வாக்கெடுப்பு

போன் வாக்கெடுப்புக்கு முன் நான்கு நிற அட்டைகளால் தொடங்குங்கள். ஒரு ஏ4 தாளின் அளவில் நான்கு நிறத் துண்டு, ஆளுக்கு ஒரு கட்டு. ரீலோட் வேண்டாம், வைஃபை வேண்டாம், போன் இல்லாதவர் என்று யாரும் இல்லை.

செய்யும் முறை ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரப்பியது. கேள்வியைத் திரையில் போடுங்கள். ஒரு நிமிடம் தனியாக யோசிக்கட்டும். ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சோடு பிடிக்கட்டும். தலைக்கு மேல் தூக்கினால் முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை நிறம் மாற்றும். நீங்கள் மட்டும் எண்ணிக்கையை மதிப்பிடுங்கள். முடிவைச் சொல்லவேண்டாம். வேறு நிறம் பிடித்த ஒருவரைத் தேடி இரண்டு நிமிடம் வாதிடச் சொல்லுங்கள். மறுபடி அட்டை. அதன் பிறகுதான் விளக்கம்.

முதல் வாக்கில் சரியானவர் ஏறக்குறைய 30 முதல் 70 வீதம் வரை இருந்தால் வாதம் பலன் தரும். அதற்குக் குறைந்தால் வாதிட ஆளே இல்லை, நீங்கள் மறுபடி விளக்க வேண்டும். அதற்குக் கூடினால் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

புதியவர் செய்யும் பெரிய பிழை, முதல் வாக்கின் முடிவை உடனே அறிவிப்பது. பெரும்பான்மை எது என்று தெரிந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், பேச ஒன்றும் மிஞ்சாது. போன் செயலிகள் முடிவைத் தாமாகவே திரையில் விரிப்பதால் இந்தப் பிழை அவற்றில் இன்னும் எளிது. முடிவை மறைக்கும் அமைப்பு எங்கே இருக்கிறதென்று தேடி வைத்த பிறகே போனுக்கு மாறுங்கள். அட்டையில் ஐந்தாறு தடவை செய்து, வகுப்பு பழகிய பிறகு மாறினால் போதும்.

6. அறிவித்தலுக்கு ஒரே இடம்

பாடக் குறிப்பு, காலக்கெடு, புள்ளி எல்லாம் மூடிலில் மட்டும். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி: “மூடிலில் போட்டாச்சு, பாருங்கள்.” கோப்பை வாட்ஸ்அப்பிலும் போட்டீர்கள் என்றால் மூடிலை யாரும் திறக்க மாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து எந்தக் கோப்பு கடைசித் திருத்தம் என்று உங்களுக்கே தெரியாது.

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லாருடைய போன் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். முதலாண்டுப் பெண் பிள்ளைகளுக்கு அறிமுகமில்லாத நம்பர்களிலிருந்து இரவில் செய்தி வருவது இப்படித்தான் தொடங்குகிறது. சொல்லவும் தயங்குவார்கள். ஆகவே கம்யூனிட்டி என்ற வசதியிலுள்ள அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்துங்கள். அதில் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்படாது. பேட்ச் தாங்களாக வைத்திருக்கும் குழுவுக்குள் நீங்கள் போகவேண்டாம், அது அவர்களுடைய இடம்.

இரவு எட்டு மணிக்குப் பிறகு அறிவித்தல் இல்லை என்று சொல்லி, நீங்களும் கடைப்பிடியுங்கள்.

7. நான்காம் வாரம்: மூடிலில் ஒத்திகை

புள்ளி இல்லாத ஒரு ஒப்படையை வகுப்பிலேயே, எல்லாரும் ஒன்றாக இருக்கும்போது சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். “என் பெயர், நான் வந்த ஊர், இந்தப் பாடத்தில் எனக்குப் பயமானது” என்று மூன்று வரி போதும். முதல் சமர்ப்பிப்பே புள்ளிக்கானது என்றால், பாடம் தெரிந்த பிள்ளை ஒரு பொத்தான் தெரியாததால் பூச்சியம் வாங்கும். இந்த ஒத்திகையில் வழக்கமாக வெளிவரும் கோளாறுகளைச் சொல்கிறேன்.

வரைவாகவே நின்றுவிடுவது. சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவது கட்டாயம் என்று அமைத்திருந்தால், கோப்பை ஏற்றியது மட்டும் போதாது. மாணவர் கொடுத்துவிட்டதாக நினைப்பார், உங்களுக்கு வரைவு என்று காட்டும். அந்த அமைப்பை “இல்லை” என்று வைத்துவிடுவதே முதலாண்டுக்கு நல்லது.

போன் படங்கள். கையால் எழுதிய பத்துப் பக்கத்தைப் பத்துப் படமாக ஏற்றினால் அளவு வரம்பைத் தாண்டும், பக்க வரிசையும் குழம்பும். கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் வசதி இருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் ஒரே பீடிஎஃப்பாக்கிக் கொடுக்கும். வகுப்பில் ஒரு தடவை செய்து காட்டினால் போதும்.

பாமினி. நம் நாட்டில் இன்னும் பலர் பள்ளிக்கூடத்திலும் கடைகளிலும் பாமினியில் தட்டச்சுக் கற்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அதே வரி ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகச் சிதறித் தெரியும். மூடிலின் பதில் பெட்டியில் ஒட்டினாலும் அப்படித்தான், தேடலும் வேலை செய்யாது. யூனிகோட் கேளுங்கள். பாமினி மட்டும் தெரிந்தவருக்கு இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. போனில் தமிழ் விசைப்பலகையோ குரல் தட்டச்சோ இன்னும் எளிது.

இரண்டு தேதிகள். மூடில் ஒப்படையில் காலக்கெடு வேறு, கடைசியாக ஏற்கும் தேதி வேறு. முதலாவதைத் தாண்டினால் தாமதம் என்று குறிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளும். இரண்டாவதைத் தாண்டினால் வாங்காது. இரண்டுக்கும் இடையில் ஒரு நாள் விட்டுவையுங்கள். “சேர், நெட் போயிட்டு” என்ற செய்திகள் வெகுவாகக் குறையும்.

வினாவிடை நேரம். முப்பது நிமிடம் என்று வைத்து ஒன்பது மணிக்கு மூடினால், 8.45க்குத் தொடங்கியவருக்குப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். இதை வகுப்பில் பலகையில் எழுதியே விளக்குங்கள். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கலந்துரையாடலுக்கு மூடில் மன்றத்தின் கேள்வி-பதில் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்களுடையது தெரியும். சாதாரண மன்றத்தில் முதல் பதிலை எழுபது பேர் சொல் மாற்றி எழுதுவார்கள்.

8. ஒப்படையும் செயற்கை நுண்ணறிவும்

முதல் ஒப்படையைக் கொடுக்குமுன், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதியை மூன்று வரியில் எழுதிக் கொடுங்கள். எது சரி: ஆங்கிலப் பந்தியைத் தமிழில் விளக்கக் கேட்பது, இலக்கணம் பார்ப்பது. எது கூடாது: பதிலை எழுதச் சொல்வது. எதைச் சொல்ல வேண்டும்: எங்கே, எதற்குப் பயன்படுத்தினேன் என்று கடைசியில் இரண்டு வரி. விதி இல்லாவிட்டால் நேர்மையான பிள்ளை பயந்து எதையும் தொடாமலிருக்கும், மற்றவர் எல்லாவற்றையும் எழுதுவித்துக் கொடுப்பார்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டறியும் மென்பொருளை நம்பி ஒருவரைக் குற்றம் சொல்லவேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகக் காட்டின. நம் மாணவர் எல்லாரும் அந்த வகையினர்தான். எளிய சொற்களில் கவனமாக எழுதிய ஒரு பிள்ளையைக் கள்ளப் பிள்ளை என்று சொல்லிவிட்டால், அந்தச் செமஸ்டர் முழுக்க அது வாய் திறக்காது. அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது வேறு. ஒப்படைக்கான தரவை அவர்களே சேர்க்கட்டும்: புறக்கோட்டையில் ஒரு மணி நேரம் பஸ்களை எண்ணுவது, தங்கள் ஒழுங்கையின் கடைகளில் ஒரு பொருளின் விலையைக் குறிப்பது. எண்ணிய தாளையும் சேர்த்துக் கொடுக்கட்டும். முதல் பந்தியை வகுப்பில், கையால், பத்து நிமிடத்தில் எழுதட்டும். கொடுத்த பிறகு மூன்று நிமிட வாய்மொழிக் கேள்வி. எழுபது பேருக்கும் என்றால் மூன்றரை மணி நேரம், முடியாது. சீட்டெடுத்துப் பதினைந்து பேர் என்றால் முக்கால் மணி நேரத்தில் முடியும். யார் பெயர் வருமென்று தெரியாததால் எல்லாரும் தயாராகி வருவார்கள்.

9. வகுப்புக்கு வரமுடியாத நாள்

வெள்ளம், பஸ் வேலைநிறுத்தம், மின்வெட்டு எல்லாம் வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு நாள் வந்தபின் முடிவெடுக்காமல் இப்போதே எழுதிவையுங்கள்: காலை ஆறரைக்குள் அறிவித்தல், எந்த இணைப்பு, எவ்வளவு நேரம்.

சூம் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும். நிறுவனக் கணக்கு இருந்தாலும் நான் நாற்பதுக்கு மேல் போவதில்லை. போனில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இரண்டு மணி விரிவுரையை அப்படியே சூமுக்கு மாற்றுவது வீண். விளக்கத்தை ஒலியாக முன்பே பதிந்து போடுங்கள். விநாடிக்கு 64 கிலோபிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பிதான், வீடியோ அதைப்போல் பல மடங்கு. சூம் நேரத்தைக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கமராவைக் கட்டாயப்படுத்தவேண்டாம். நான்கு பேர் பகிரும் போடிங் அறையையோ, பின்னால் அம்மா சமைக்கும் ஒற்றை அறை வீட்டையோ வகுப்புக்குக் காட்ட எந்தப் பிள்ளைக்கும் விருப்பம் இராது. இருக்கிறார்களா என்று அறிய, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாட்டில் ஒரு வரிப் பதில் கேளுங்கள்.

10. ஆறாம் வாரம்: மறுபடி அரைத் தாள்

பெயர் எழுதாமல் இரண்டு கேள்வி: இந்த வகுப்பில் பேச உதவுவது எது, பேசவிடாமல் தடுப்பது எது? வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கொடுத்து, நீங்கள் வெளியே போய் நில்லுங்கள், பேட்ச் ரெப் சேர்த்துத் தரட்டும். நீங்கள் வரிசைக்கிடையில் நடந்தால் “நல்லம் சேர்” என்றுதான் எழுதுவார்கள்.

செமஸ்டர் முடிவுக் கருத்துப் படிவம் அடுத்த பேட்சுக்குத்தான் உதவும். எழுதிய பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆறாம் வாரம் என்றால் மாற்ற நேரம் இருக்கிறது. போன தடவை எனக்கு வந்த தாள்களில் பல, நான் பேசும் வேகத்தையும், திரையின் கீழ்ப்பகுதி கடைசி வரிசைக்குத் தெரியாததையும் சொல்லின. ஒரு தாளில், “சோடியில் என் பக்கத்தில் இருப்பவர் என்னோடு பேசுவதில்லை” என்று மட்டும் இருந்தது. அடுத்த வகுப்பில் வேகத்தைக் குறைப்பதாகவும், படவில்லைகளில் எழுத்தை மேல் பாதிக்குள் வைப்பதாகவும் சொன்னேன். காரணம் சொல்லாமல், சோடிகளை அன்றிலிருந்து வாராவாரம் மாற்றினேன்.